வளைகோட்டின் மேல் ஒரு கண்ணாடித் துண்டு

வெள்ளிக்கிழமை மதியம், நான் வேலை பார்க்கும் அடையாறு பள்ளிக்கு என் கல்லூரித் தோழி வசந்தா போன் செய்தாள். தலைமை ஆசிரியை அறையில் நின்றபடியே கேட்டேன். "ஜுபைதா போயிட்டாடி. மஞ்சள் காமாலையாம். நம்ம யாருக்கும் தெரியவே இல்ல." பெல் அடித்ததும் வகுப்புக்குப் போனேன். என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

எங்களோடு இயற்பியல் பட்டப்படிப்புப் படித்தவர்களுக்கு ஜுபைதா என்றதும் அவளுடைய கண்ணாடித் துண்டு நினைவுக்கு வரும். திருவல்லிக்கேணியில் அவள் அப்பா படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். மிஞ்சிய முகம் பார்க்கும் கண்ணாடியில் விரல் அகலத்துக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்திருந்தார். லேபில் அதை எடுத்தாலே, "மகாராணி அழகு பாக்க ஆரம்பிச்சிட்டாங்க!" என்று பின்மேசையிலிருந்து குரல் வரும்.

"கோட்டுக்குத்தாம்மா அழகு பாக்குறேன். என் மூஞ்சி நல்லாத்தான் கீது" என்பாள்.

இட–நேர வரைபடத்திலிருந்து சராசரி முடுக்கம் காணும் கணக்கில் நான் ஒருமுறை சிக்கிக்கொண்டேன். அவள் என் தாளை எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது? மொத்த தூரத்த நேரத்தால வகுத்தா சராசரி வேகம். அத்தையே மறுபடி வகுத்தா முடுக்கம் ஆயிடுமா? ஆரம்பத்துல இன்னா வேகம், கடைசில இன்னா வேகம், அத்தப் பாரு."

கண்ணாடியை வளைகோட்டின் குறுக்கே நிறுத்தி மெல்லத் திருப்பினாள். கோடும் அதன் பிம்பமும் முறிவில்லாமல் சேர்ந்த இடத்தில் கண்ணாடியின் ஓரமாக ஒரு கோடு கிழித்தாள். அதற்குச் செங்குத்தாக வரைந்தால் தொடுகோடு; அதன் சரிவுதான் அந்தக் கணத்து வேகம். இரண்டு முனையிலும் வேகம் கிடைத்துவிட்டால், வித்தியாசத்தை நேரத்தால் வகுப்பதுதான் பாக்கி. மறுநாள் எனக்கும் ஒரு துண்டு கொண்டுவந்தாள்.

செய்முறைத் தேர்வில் எனக்கு அதே கணக்கு வந்தது. எங்கள் வீட்டில் பள்ளியிறுதியைத் தாண்டியவர் யாரும் இல்லை. "ஒரு தடவதான். தவறினா திரும்ப எழுத அனுப்ப மாட்டேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். முதல் தொடுகோட்டை வரைந்து முடித்தபோது, வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் மேசையருகே நின்று கண்ணாடியை எடுத்தார்.

"பரீட்சைக்கு வந்தியாம்மா, கல்யாணத்துக்கு வந்தியா? எதுக்கு இது?"

சிலர் சிரித்தார்கள். எனக்குக் குரல் எழவில்லை. அவர் அதைச் சட்டைப்பையில் போடப் போனார்.

"சார், கொஞ்சம் நில்லுங்க சார். அவ சொல்லுவா" என்று எழுந்தாள் அடுத்த மேசையிலிருந்த ஜுபைதா. தேர்வில் பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். "நீ உன் வேலையப் பாரு" என்று அவர் அதட்டியும் அவள் உட்காரவில்லை. அவரைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் சொன்னேன். பாதி வாக்கியங்கள் முடியவில்லை. தேர்வாளர் குனிந்து, கண்ணாடியை வளைகோட்டின் மேல் தாமே வைத்துத் திருப்பிப் பார்த்தார். "ம், வரை" என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை மயிலாப்பூர் குளக்கரையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நீயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நான் சொன்னா மார்க் எனக்குல்ல போட்டிருப்பாரு?"

என்னிடம் அவளுடைய படம்கூட இல்லை. பேச்சு வராதவருக்காக அவள் நின்ற அந்த நிற்பை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வகுப்பில் ஒரு பெண் எழுந்து வாய் திறக்காமல் நின்றாள். "டீச்சர், நான் சொல்றேன்" என்று மற்ற கைகளெல்லாம் உயர்ந்தன. இறக்கச் சொன்னேன். வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள், தவறான விடை.

"சரி, எப்படி வந்ததுன்னு சொல்லு" என்றேன். சொல்லத் தொடங்கினாள்.