காது அக்காவின் இலவச எண்

வாஷிங் மெஷின் கம்பெனியின் இலவச உதவி எண்ணுக்கு யார் போன் போட்டாலும், மூன்று பெண்களில் ஒருத்தி எடுப்பாள். அவர்களில் மூத்தவளுக்குக் காது அக்கா என்று பெயர். "போனை மெஷின் கிட்ட வைங்க" என்பாள். கண்ணை மூடிக்கொண்டு கடகட சத்தத்தைக் கேட்பாள். பெல்ட்டா, பேரிங்கா, பாக்கெட்டில் மறந்துபோன சில்லறையா என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சில்லறைதான்.

ஆனால் இலவசம் என்று போட்டால் நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? ஒரு பெரியவர் தினமும் மணி கேட்கக் கூப்பிடுவார். முகம் கொடுத்துப் பேசாத ஒரு தம்பதி ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு, "துணியை அவரையே காயப்போடச் சொல்லுங்க" என்று அக்கா வழியாகத் தூது விடுவார்கள். அக்காவும் சளைக்காமல் சொல்வாள். பின்னால் நின்று பல்லைக் கடிப்பார் சூப்பர்வைசர். கறாரான மனுஷன், சிரித்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம்.

அன்று அக்காவுக்கு வேலையே ஓடவில்லை. மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். "குழந்தை எடை கம்மிதான். பிறந்ததும் நல்லா அழுதுட்டா கவலையில்ல" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா நேராக சூப்பர்வைசரிடம் போனாள். லீவு கேட்டாள். "மாத்து ஆள் வந்ததும் கிளம்புங்க" என்றார் சூப்பர்வைசர். அவளுடைய செல்போனோ, ஆபீஸ் விதிப்படி லாக்கருக்குள் கிடந்தது.

"யாரோ போன் பண்ணி மூச்சு மட்டும் விடறான்க்கா. நான் ஹலோன்னா வெச்சிடறான்" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. அடுத்தவளுக்கும் அப்படியே ஒரு போன் வந்தது.

மூன்றாவது அக்காவுக்கு வந்தது.

"அத்தை..."

மாப்பிள்ளை! வாயில்லாப் பூச்சி. வீட்டிலேயே கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவன். இப்போது அதுவும் வரவில்லை, விசும்பல்தான் வந்தது. என்ன ஆச்சு என்று கேட்கத்தான் அக்கா வாயைத் திறந்தாள். நாள் முழுக்கச் சொல்லிப் பழகியதுதான் வாயில் வந்தது.

"போனைக் கிட்ட வைங்க."

சரசரவென்று ஏதோ உரசியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

வீல் என்று ஓர் அழுகை. ஹெட்போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் வீல். ஒரு திணறல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. எந்தச் சத்தத்தையும் அவள் அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

"பொண்ணு, அத்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றான் மாப்பிள்ளை, ஒருவழியாக. "முதல்ல வேற யாரோ எடுத்தாங்க. என்ன பேசறதுன்னு தெரியல, வெச்சுட்டேன்."

"சத்தம் அருமையா இருக்கு மாப்பிள்ளை. மெக்கானிக் வேண்டாம், நானே வரேன்."

அழுதுகொண்டே சிரித்தாள். திரும்பினால், லாக்கர் சாவியை நீட்டியபடி சூப்பர்வைசர் நின்றிருந்தார். "கிளம்புங்க. மாத்து ஆள் வர்ற வரைக்கும் நான் உட்கார்றேன்."

அவள் வாசலைத் தாண்டவில்லை, மணி அடித்தது. அந்தப் பெரியவர்தான். சூப்பர்வைசர் விறைப்பாக மணியைச் சொன்னார். சொல்லிவிட்டு, போனை வைக்காமல் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, இன்னொரு சேதி. நம்ம காது அக்காவுக்குப் பேத்தி பொறந்திருக்கா."