லீலா வீட்டுப் பழந்தண்ணீர்

போன வாரம் செம்பூரில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். பல்லைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சைக் கடிக்கச் சொல்லி வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். எதிரே பெரிய மீன் தொட்டி. அங்கே வேலை பார்க்கிற பெண் ஒரு வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, குட்டி பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டுக் கலக்கி, அப்படியே தொட்டியில் ஊற்றினாள். அது என்ன என்று சைகையில் கேட்டேன். "தண்ணில இருக்குற மருந்து வாடை போயிரும் ஆன்ட்டி. இல்லன்னா மீன் செத்துரும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து பஞ்சு கீழே விழுந்தது. நாலே நாலு சொட்டு. இது தெரியாமல் ஏழு மீனைக் கொன்றவள் நான்.

அந்த மருந்து வாடை இருக்கிறதே, அறுபதுகளில் தாராவிக் குழாயில் அது மூக்கைத் துளைக்கும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். அந்த வாடை அடித்தால்தான் எனக்குத் தண்ணீர் சுத்தம். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரே அறை. காலை ஐந்து மணிக்குப் பொதுக்குழாயில் தண்ணீர் வரும். அதற்கு முன்னாலேயே நேற்றைய தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் சந்தில் கொட்டி, குடங்களைப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிடுவேன். பழந்தண்ணீர் வீட்டில் இருக்கக் கூடாது என்பது என் அம்மா வீட்டுச் சட்டம். பக்கத்து அறை லீலா, என் வயதுக்காரி, மராத்திக்காரி. அவள் தண்ணீரை இரண்டு நாள் கூட வைத்திருப்பாள். நான் அவள் வாசல் பக்கம் பார்த்து, "பழந்தண்ணியக் குடிச்சிட்டு எப்படித்தான் கெடக்காளோ" என்று தமிழில் சத்தமாகவே சொல்வேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தொனி தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளோடு பேச்சில்லை, யாரோடும்தான் பேச்சில்லை. இந்தியில் எனக்குப் 'பானி' ஒன்றுதான் தெரியும். கணவர் குர்லாவில் ஒரு பட்டறையில் வெல்டர்; விடிவதற்குள் போனால் இருட்டித்தான் வருவார். பொறுக்க முடியாமல் அப்பாவுக்கு ஓர் இன்லண்டு லெட்டர் எழுதி, அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். 'உடனே வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. என்னால முடியல.' ஒட்டித் தபால்பெட்டியில் போட வேண்டியதுதான் பாக்கி.

அவருக்கு என் அழுத முகம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரும்புச் சட்டம் வைத்துக் கண்ணாடி பதித்த தொட்டி ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். அவரே செய்தது. ஒரு கால் மட்டும் குட்டை, தொட்டால் ஆடும். கிராபர்டு மார்க்கெட்டில் நாலு மீன் வாங்கி, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, லோக்கல் ரயில் கூட்டத்தில் அதைத் தலைக்கு மேலே பிடித்தபடியே சயான் வரை வந்திருக்கிறார். "ஏட்டி, பகல்ல இதுங்ககூடப் பேசிட்டிரு" என்றார்.

பேசினேன். பெயர் கூட வைத்தேன். வாயை எந்நேரமும் திறந்து திறந்து மூடிய பெரிய மீனுக்கு மாமியார் பெயர். தொட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கமகமவென்று மருந்து வாடை அடிக்கிற புதுத் தண்ணீரை ஊற்றினேன். நாலும் மேலே வந்து வாயைத் திறந்தன. என்னோடு பேச வருகின்றன என்று பூரித்துப்போய்ச் சோறு போட்டேன். தண்ணீர் கலங்கியது. கலங்கினால் விடுவேனா? கொட்டிவிட்டு மறுபடியும் புதுத் தண்ணீர். இரண்டு நாளில் நாலும் மிதந்தன. முதலில் போனது மாமியார். ஊரிலிருந்து கார்டு வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கார்டில் மாமியார் சௌக்கியம், மழை இல்லை என்று எழுதியிருந்தது.

மீன்கள் மிதந்த அன்று அடுப்பில் கருவாட்டுக் குழம்பு. நான் மீனுக்காக அழுதுகொண்டே கிண்டினேன். "சட்டில ஒண்ணு கெடக்கு, தொட்டில ஒண்ணு கெடக்கு. எதுக்குட்டி அழுத?" என்றார் அவர். ஆனாலும் இன்னும் நாலு வாங்கி வந்தார். தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்ற வேண்டும் என்று கடைக்காரன் சொன்னானாம். பழந்தண்ணீரா என்று எனக்கு உடம்பே கூசியது. சரி, பாத்திரமாவது நல்லதாக இருக்கட்டும் என்று கல்யாணத்துக்குக் கொடுத்த செம்புத் தவலையைப் பளபளவென்று தேய்த்து அதில் பிடித்து வைத்தேன். அந்தத் தண்ணீரை ஊற்றியதும் ஒரே நாளில் மூன்று போய்விட்டன. மறுபடி விசாரித்துவிட்டு வந்தவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "செம்பு மீனுக்கு வெசமாம்ட்டி. உன் சுத்தம் ஆளையே கொன்னுரும் போலிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. மிச்சமிருந்தது ஒரே ஒரு செவலை மீன். இதுவும் போனால் கடிதத்தைத் தபாலில் போட்டுவிடுவது என்று அப்போதே தீர்மானித்தேன். ஒரு மீனைக் கூட வாழவைக்கத் தெரியாத ஊரில் எனக்கு என்ன வேலை?

மறுநாள் காலை, பழக்கதோஷத்தில், குடங்களில் இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். குழாயில் காற்றுதான் வந்தது. எங்கோ பைப் உடைந்துவிட்டதாம். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. செம்புத் தண்ணீரிலேயே கிடந்த செவலை மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அது பேச்சில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அந்தச் சந்தில் பழந்தண்ணீர் இருக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான்.

வெட்கத்தை விட்டு லீலாவின் கதவைத் தட்டினேன். "பானி" என்றேன். அதற்கு மேல் வார்த்தை இல்லை. கையை இடுப்பில் வைத்து ஆட்டி, வாயை மீன் மாதிரி திறந்து திறந்து மூடிக் காட்டினேன். எனக்குத்தான் ஏதோ வலிப்பு என்று பயந்து அவள் என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். கையைப் பிடித்து இழுத்து வந்து தொட்டியைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. மண்குடத்தைத் தூக்கி வந்து, "கல் கா பானி" என்று அழுத்திச் சொன்னாள். கையை முதுகுக்குப் பின்னால் காட்டினாள். நேற்றுத் தண்ணீர். இத்தனை நாள் நான் சத்தமாகச் சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்தேதான் இருந்திருக்கிறது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அந்தத் தண்ணீரை மாற்றி ஊற்றியதும் செவலை மத்தியானத்துக்குள் அடிமட்டத்துக்குப் போய் நீந்த ஆரம்பித்தது. லீலா அன்று முழுக்க என் வீட்டில்தான் இருந்தாள். அவள் தொட்டியில் கை வைத்ததும் தொட்டி ஆடியது. முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டும் என்று சைகை காட்டினாள். நான் அரிசி டின்னைத் திறந்து, அந்தக் கடிதத்தை எட்டாக மடித்துக் குட்டைக் காலுக்கு அடியில் செருகினேன். "என்னட்டி அது?" என்று ராத்திரி வந்து கேட்டவரிடம், "கால் ஆடிச்சுல்லா" என்றேன்.

செவலை இரண்டு வருஷம் இருந்தது. அந்தச் சந்து இருந்த இடத்தில் இப்போது கட்டடம். அவரும் போய்விட்டார். லீலா மகனோடு கல்யாண் என்கிற ஊர்ப் பக்கம் குடிபோனாள். இரண்டு தடவை வந்தாள், அப்புறம் தகவல் இல்லை.

நான் இப்போது செம்பூரில் பதினோராவது மாடி. போன மாதம் மோட்டார் கெட்டுக் குழாயில் காற்று வந்தது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். நாலு கதவு. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். மகன் போன் பண்ணி ஒரு கேன் தண்ணீர் வரவழைத்தான். அதில் ஒட்டியிருந்த தேதியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஒரு மாதத்துக்கு முந்தைய தண்ணீர். இரண்டு டம்ளர் குடித்தேன். இதைச் சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் லீலா இல்லை.