அடைப்புக்குறிக்குள் அப்பா

நேற்று கைப்பேசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. தொட்டால் நாதஸ்வரம் வாசிக்கிறது, பூ கொட்டுகிறது, மண்டபத்துக்கு வழி காட்டுகிறது. மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், அவ்வளவுதான். நான் விடாமல் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா தேடுற?" என்றாள் மகள். அடைப்புக்குறியைத் தேடுகிறேன் என்றால் அவளுக்கு என்ன புரியும்? சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அப்போதிலிருந்து மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை.

உங்களுக்குப் புரியும். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரிகைகளைப் பார்த்திருப்பீர்கள். தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா என்று வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் அடைப்புக்குறி. (சிங்கப்பூர்), (குவைத்), (மின்சார வாரியம்), (ஆசிரியர், ஓய்வு). மணமக்கள் பெயரைக்கூடப் பிறகுதான் படிப்பார்கள். குறி இல்லாத பெயர்கள் கடைசியில், 'சுற்றமும் நட்பும்' என்ற வரிக்குப் பக்கத்தில், பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் போல நின்றுகொண்டிருக்கும்.

இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தக் குறிகளைப் போட்டவளே நான்தானே. டைப்ரைட்டிங் ஹையர் முடித்த கையோடு மயிலாடுதுறையில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்த புதிது. அது இருந்த அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. வெளியே மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை, உள்ளே ஏ.சி. காற்றில் மகாராணியாக நான். சம்பளம் மட்டும் மகாராணிக்கு உரியதாக இல்லை.

இன்றும் மண்ணெண்ணெய் வாடை வந்தால் முதலில் அச்சகம் வரும், பின்னாலேயே அப்பா வந்துவிடுவார். அவர் கையில் எப்போதும் மண்ணெண்ணெயும் வார்னிஷும் கலந்த வாடை. அப்பா சவரிமுத்து, நன்னிலத்தில் மோட்டார் மெக்கானிக். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவார். ஆற்றில் தண்ணீர் தள்ளிப்போகும் வருஷங்களில் நாற்றங்கால் பிழைப்பது அவர் கையில்தான் இருந்தது. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் காத்துக் கிடப்பார்கள். காத்துக் கிடப்பதென்னவோ அவர்கள்தான், பேச்சு மட்டும், "என்னப்பா சவரி, இன்னுமா முடிக்கல?" என்றுதான் வரும்.

இடையில் சில வருஷம் அப்பா துபாயில் இருந்தார். அங்கே காயில் கட்டவில்லை; கட்டட வேலையில் கல் தூக்கினார். இடுப்பு போய்த் திரும்பி வந்தார். ஆனால் அந்த வருஷங்களில் சொந்தக்காரர்களின் பத்திரிகையில் எல்லாம் மேல் வரிசையில், (துபாய்) என்று ஜம்மென்று இருந்தார். வந்த பிறகு முதலில் குறி போயிற்று. அடுத்து பெயர் கீழே இறங்கியது. அப்புறம் சுற்றமும் நட்பும் ஆகிவிட்டார். ஒவ்வொரு பத்திரிகையையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார், மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுவார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது என் பத்திரிகையை நானே அடித்தேன். எவளுக்குக் கிடைக்கும் அந்தப் பாக்கியம்! அப்பா பெயருக்குப் பக்கத்தில் (மோட்டார் மெக்கானிக்) என்று போட்டேன், அதுவும் தடித்த எழுத்தில். சரிபார்க்க எடுத்த தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்னத்துக்கும்மா?"

"நீங்க அதானப்பா?"

"அது எனக்குத் தெரியும். ஊருக்கு எதுக்கு? துபாய்னு போடு."

"இப்ப இங்கதானே இருக்கீங்க!"

"போயிட்டு வந்தேன்ல? பொய்யா அது? நாளைக்கு ஒன் தம்பிக்குப் பொண்ணு பாக்கணும். கரிக்கையோட நிக்கிறவன் வீட்டுக்கு எவன் குடுப்பான்?"

அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். நான் அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். "அங்க நீங்க கல்லு தூக்குனீங்க. இங்க நீங்க இல்லாட்டி வயல் காயும்பா" என்று கத்தியும் பார்த்தேன். "கல்லு தூக்குனத யாரு பாத்தா?" என்றார் அப்பா. (துபாய்) என்றே அச்சாயிற்று.

மாதா கோயிலில் தாலி கட்டி முடிந்து விருந்து நடந்தது. அப்பா வெள்ளை வேட்டியில் பந்தி விசாரித்துக்கொண்டே வந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா பத்திரிகையை மனப்பாடம் செய்திருப்பார் போலிருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே சத்தமாகக் கேட்டார்: "சம்பந்தி, லீவு எவ்வளவு நாளுங்க? எப்ப கெளம்புறீங்க?"

பந்தி நிமிர்ந்து பார்த்தது. இங்கேயே இருந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"வர்ற மாசங்க" என்றார் அப்பா.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுவீட்டுக்கு வந்தவர்கள் கேட்டார்கள், கடைத்தெருவில் கேட்டார்கள், பூசை முடிந்து வெளியே வந்தால் அங்கேயும் கேட்டார்கள். "இன்னும் கெளம்பலீங்களா?" அப்பா வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் ஏஜெண்டைப் பார்க்கப் போனார். இடுப்புக்குப் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு நிஜமாகவே கிளம்பிவிட்டார். நாங்கள் எவ்வளவோ சொன்னோம். சென்னை பஸ்ஸில் ஏறும்போது, "அச்சுல வந்துருச்சும்மா" என்றார், ஏதோ கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. மோட்டார்கள் ஓடி ஓடி எரிந்தன. நான் அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருவர் மோட்டாரோடு வந்து, "சவரி இருக்கானா?" என்றார். "துபாய் போயிருக்காங்க" என்றாள் அம்மா. வந்தவர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். "அப்படிங்களா? சௌக்கியமா இருக்காருங்களா?" என்று கேட்டுவிட்டு, மோட்டாரைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கையில் கிடைத்ததை அவர் முதுகில் எறியலாம் போலிருந்தது எனக்கு. அம்மாவுக்கோ முகமெல்லாம் பூரிப்பு.

சில வருஷம் கழித்து அப்பா வந்தார், குனிந்து காயில் கட்ட முடியாத இடுப்போடு. தம்பிக்கு அவர் நினைத்தபடியே நல்ல இடத்தில் பெண் கிடைத்தது. இப்போது அவன் கனடாவில். மாப்பிள்ளையின் பெரியப்பா பெங்களூரில் மகனோடு. மோட்டார் கொண்டுவந்தவர் வயலை மனை போட்டு விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். கடைத்தெருவில் கேட்டவர்களின் வீடுகளும் பூட்டித்தான் கிடக்கின்றன. யார் பார்க்க வேண்டும் என்று அப்பா துபாய்க்குப் போனாரோ, அவர்கள் யாரும் இன்று நன்னிலத்தில் இல்லை. அப்பா மட்டும் இருக்கிறார்.