மலைப்பாம்புக்குப் போட்ட ஆறு தையல்

ஒரு மலைப்பாம்பின் வாயை நான் தைத்தேன். ஆறு தையல். மனிதர் காயத்துக்குப் போடும் அதே வளைந்த ஊசி, அதே பட்டு நூல். ஐம்பதுகளின் நடுவில், போடிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கம்பவுண்டராக இருந்தபோது செய்த காரியம். இப்போது எழுதும்போதும் விரல்களைக் கழுவிக்கொள்ளத் தோன்றுகிறது.

தோட்ட முதலாளி அதைப் பங்களா வராந்தாவில் கம்பிவலைப் பெட்டிக்குள் வளர்த்தார். ஜீப்பில் வரும் வியாபாரிகள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒருநாள் ஒருவரின் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. காயத்தைக் கட்டி முடித்த என்னிடம் முதலாளி, "அப்பிடியே அதுக்கும் நாலு தையலப் போட்டு விட்ருங்க கம்பவுண்டரே" என்றார். கடிபட்டவரே சிரித்தார்: "தீனிச் செலவும் மிச்சம்ணே!" நானும் சிரித்தேன். பாம்பு மாதக்கணக்கில் பட்டினி தாங்கும் என்று படித்த திமிரில் விளக்கமும் சொன்னேன். நான்கு பேர் அழுத்திப் பிடித்தார்கள். ஊசி ஏறும்போதெல்லாம் அந்த நீள உடல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. சத்தம் இல்லை. அதனால் வலியும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் தையல் ஓரங்களில் தயிர்க்கட்டி போலச் சீழ் திரண்டது. நாற்றத்துக்குச் சாம்பிராணி போடச் சொன்னார் முதலாளி. போட்டோ எடுப்பது மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் அடிவாரத்துச் சிலமலை ஊரிலிருந்து ஏலக்காய் பறிக்க வரும் பெண் ஒருத்தி, அரிவாள் கிழித்த உள்ளங்கையோடு என்னிடம் வந்தாள். நான் ஊசியை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"பாம்பு வாயத் தச்ச ஊசிதான இது?"

"வெந்நீர்ல கொதிக்க வச்சதும்மா."

"ஊசியக் கொதிக்க வச்சிட்டீக. ஒங்க கைய எதுல போட்டுக் கொதிக்க வைப்பீக?"

காயத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு மலையிறங்கிப் போய்விட்டாள்.

அன்று மாலையே, யாரையும் கேட்காமல், தையல்களை வெட்டினேன். நூலோடு தாடைத்தோலும் பிய்ந்து வந்தது. மருந்து தடவி, பச்சை முட்டையை ரப்பர் குழாயில் ஊட்டினேன், அப்படியே வழிந்தது. ஐந்தாம் நாள் செத்தது.

முதலாளி கோபப்படவில்லை. மறுவாரமே இன்னொரு பாம்பு பெட்டிக்குள் கிடந்தது. இதைக் கேட்பாரில்லையா என்று கீழே போடியில் சர்க்கார் ஆபீசுக்குப் போய் விசாரித்தேன். "அவரு வீட்டுல அவரு வளக்குறாரு. அதுக்கு என்ன ரூலு இருக்குன்னு வந்தீக?" என்றார் ஒரு குமாஸ்தா.

ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்கவும் குஞ்சு பொரிக்க வைத்து விற்கவும் கட்டுப்பாடு வேண்டுமா என்று இன்று பேசுகிறவர்களில் சிலர், மனசாட்சி போதும், சட்டம் எதற்கு என்கிறார்கள். மனசாட்சி வந்த பின் நான் சாதித்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பாம்பைத் தைக்க மாட்டேன் என்று மறுத்தேன். முதலாளி வற்புறுத்தவில்லை. ஏலக்காய் மூட்டை தைக்கும் ஆளைக் கூப்பிட்டார். அவர் கோணி ஊசியும் சணலுமாக வந்தார். நான் மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.