எலுமிச்சைத் தொட்டியில் என் எண்ணெய்ப்பனை மட்டை

கொல்கத்தாவின் கிடர்பூர், காலை பத்து நாற்பது. பாய்லர் எரிபொருள் வாங்கி விற்கும் செல்வத்தின் கிடங்கில் நிற்கிறேன். செல்வம் இங்கேயே பிறந்த தமிழர்; அண்ணா என்பதற்கு வங்காளிகள்போல 'தாதா' என்பார். ஒரத்தநாட்டிலுள்ள என் எண்ணெய்ப்பனைத் தோப்பில் வெட்டிய மட்டைகளை நறுக்கி, மாதிரிக்கு ஒரு மூட்டை கொண்டுவந்திருக்கிறேன். மண்ணில் கரிமம் குறைந்துதான் குலைகள் சிறுத்துவிட்டன, மட்டைகளை வரிசைகளுக்கு இடையே அடுக்கி மக்கவிடுங்கள் என்கிறார் வேளாண் அதிகாரி. அடுக்கினால் பாம்பு அடையும், குலை வெட்ட வரமாட்டோம் என்கிறார்கள் ஆட்கள். அதனால்தான் விற்க வந்தேன்.

செல்வம் ஒரு துண்டை முறித்துப் பார்க்கிறார்.

"அரே தாதா, சுத்தமான மால்! மூணு வருஷ ஒப்பந்தமே போட்டுடலாம்."

பிறகு மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி, வாசலில் உள்ள எலுமிச்சைத் தொட்டியில் பரப்புகிறார்.

"அது எதுக்கு?"

"மக்கினா மண்ணு பொலபொலன்னு ஆகிடும். போன வருஷம் வேற ஒருத்தர் மால் போட்டேன், இப்பதான் காய்க்குது."

"அப்போ என் தோப்புக்கு?"

"உங்களுக்குத்தான் லாரி அனுப்புறேனே!" என்று சிரிக்கிறார்.

ஒப்பந்தத்தை இரண்டு முறை படிக்கிறேன். பிழை எதுவும் இல்லை. தேதியை எழுதுகிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கை நின்றுவிடுகிறது.

"பேனா எழுதலையா, தாதா?" என்று தன்னுடையதை நீட்டுகிறார்.

எழுதுகிறது என்கிறேன்.