பாப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

நான் கம்ப்யூட்டர் வாங்க நினைத்ததற்குக் காரணம் பறவைகள். உத்திரமேரூர் ஏரிக்கரையில் காலையில் நடக்கப் போகும்போது போனில் வீடியோ எடுப்பேன். நாரை, நீர்க்காகம், பேர் தெரியாத இன்னும் சில. மழைக்காலம் முடிவதற்குள் போன் நிரம்பிவிட்டது. எதையாவது அழி, அழி என்று தினமும் நச்சரித்தது. எனக்கு மனசு வரவில்லை. பெரிய திரையில் போட்டுப் பார்க்கலாம், வெட்டி ஒட்டி ஒழுங்காக ஒரு படமாக்கலாம் என்று ஆசை வந்தது. நாற்பத்தாறு வயதில், கல்யாணம் ஆகாத, நெல் மண்டியில் கணக்குப் பார்க்கிற ஆளுக்கு இதெல்லாம் ஓர் ஆசையா என்று கேட்கலாம். அம்மா போனபிறகு சாயங்காலங்களில் வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. டிவியைப் போட்டால் எல்லாரும் கத்துகிறார்கள்.

முழுசாக வாங்கினால் தண்டம், பாகம் பாகமாகப் பொறுக்கிச் சேர்த்தால் அதே பணத்துக்கு நல்லதாகவே அமையும் என்று யூடியூபில் ஒருத்தர் மூச்சுவிடாமல் பேசினார். அதை நம்பி, காஞ்சிபுரத்தில் ஒரு கடையின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தேன். எடுத்தவர் கடைக்காரரே. பாய் கடை. குரலில் அவசரமே இல்லை.

“பட்ஜெட் இன்னா சார்?”

சொன்னேன். இளக்காரமாக ஒரு சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

“தாராளமா பண்ணலாம். பாப்பா ஸ்கூலா, காலேஜா?”

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. என் குரலை வைத்தே வயசைக் கணித்துவிட்டார். இந்த வயசுக்காரன் கம்ப்யூட்டர் விசாரித்தால் அது பிள்ளைக்குத்தான். பையனா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. அவருக்கு ஒரு பெண் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது; அதனால் எனக்கும் பெண்தான் என்று முடிவு செய்துவிட்டார் போல.

‘எனக்குத்தான் பாய்’ என்று சொன்னால் ஒரு வரியில் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த கேள்வி எதுவென்று எனக்கு மனப்பாடம். கல்யாணம் ஆகலையா? ஏன் சார்? பொண்ணு அமையலையா? டீக்கடையில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, இதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது. “காலேஜ்” என்றேன்.

“இன்னா படிக்குது?”

“கம்ப்யூட்டர் சயின்ஸ். முதல் வருஷம்.”

“அட, என் பொண்ணும் அதான் சார் படிக்குது!” என்றார். அவருக்கு வந்த சந்தோஷத்தில் பாதி எனக்கும் வந்தது.

அன்றைக்கே வாட்ஸப்பில் கொட்டேஷன் அனுப்பினார். பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட், மானிட்டர். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விலை. அதோடு முடித்திருக்கலாம். மறுநாள் மண்டியிலிருந்து வந்து, கை கால் கழுவி, காபி போட்டுக்கொண்டு, மறுபடியும் போன் செய்தேன்.

“கிராபிக்ஸ் கார்டு போடலியே பாய்?”

“வாணாம் சார். இந்த பிராசஸர் உள்ளியே கிராபிக்ஸ் கீது, படிக்கிறதுக்கு அது போதும். பாப்பா கேம் ஆடுமா?”

“சேச்சே. ஆடமாட்டா” என்றேன். சொன்னதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் பெண் கேம் ஆடமாட்டாள்.

இப்படித்தான் அவள் வளர்ந்தாள். பழைய மானிட்டர் ஒன்று சல்லிசாக வருகிறது, எடுக்கவா என்று பாய் கேட்டார். வேண்டாம், அவள் கண்ணாடி போட்டிருக்கிறாள், புதுசே இருக்கட்டும் என்றேன். கலர் கலராக விளக்கெரியும் கேபினெட் படம் ஒன்று அனுப்பினார். அவளுக்கு அந்த மினுக்கெல்லாம் பிடிக்காது என்று திருப்பினேன். எங்கள் பக்கத்தில் கழனிகளில் மோட்டார் ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கிவிடும். அதனால் உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்றார். “அது போச்சுனா கூடவே மதர்போர்டையும் இட்டுக்கினு பூடும் சார். அப்பறம் பாப்பா பரீட்சை நேரத்துல பேஜாரு.” நான் உடனே உயர்ந்த ரகத்துக்கு ஒத்துக்கொண்டேன். எனக்கென்று இருந்தால் மட்டமானதையே எடுத்திருப்பேன்.

வீட்டில் ஜன்னலோரம் மேஜையைப் போட்டேன். வெயில் நேராகத் திரையில் விழும், அவளுக்குக் கண் கூசும் என்று தோன்றவே, சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டேன். இழுத்து முடித்தபிறகு, எவளுக்குடா கூசும் என்று என்னை நானே சத்தமாகத் திட்டிக்கொண்டேன். ஆனால் மேஜையைத் திருப்பி ஜன்னலோரம் போடவில்லை.

பாகம் பொறுக்குவது உண்மையில் பெரிய வேலையே இல்லை. என் பட்ஜெட்டுக்கு இரண்டு மூன்று பிராசஸர்தான் வரும். அது தீர்மானமானால் மதர்போர்டு தானாகவே தீர்மானமாகிவிடும். மீதி எல்லாம் கைக்கு அடக்கமான கணக்கு. எனக்கு அது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் தினமும் ஏதாவது ஒன்றைக் கலைத்தேன். ராம் எட்டு போதுமா, பதினாறா? வைஃபை தனியாகச் செருக வேண்டுமா? கீபோர்டு சத்தம் போடுமா? முடிவு செய்துவிட்டால் போன் செய்யக் காரணம் போய்விடும். பகல் முழுக்க மண்டியில் மூட்டைக் கணக்கைத் தவிர யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. இவர் ஒருத்தர்தான் “பாப்பா சாப்புட்சா, காலேஜ் பஸ்ஸு டைமுக்கு வருதா?” என்று விசாரித்தார். வருது பாய் என்பேன். நான் பயந்தது கம்ப்யூட்டர் நன்றாக அமையாமல் போய்விடுமோ என்று இல்லை. அமைந்து முடிந்துவிடுமே என்றுதான்.

கடைசியில் பாயே ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

“ராம் வெல தங்கம் மாரி ஏறிக்கினே கீது சார். இன்னும் எத்தினி நாளு பேசிக்கினே இருக்கப் போறீங்க? பாப்பா பாவம், செமஸ்டர் வந்துடும். ஞாயித்துக்கெயம வாங்க, கண்ணு முன்னாடியே மாட்டிக் குட்த்துடறேன். பாப்பாவையும் இட்டுக்கினு வாங்க.” கூடவே, “என் பொண்ணு சொல்லுது, ஒரு கேமராவும் சேத்துக்கோங்க. பிரண்ட்ஸுங்களோட மூஞ்சி பாத்துப் பேசிக்கினே படிக்கும்” என்றார்.

கேமராவும் சேர்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கடை நான் நினைத்ததைவிடச் சின்னது. பாய் நான் நினைத்ததைவிட ஒல்லி, தாடி நரைத்திருந்தது. என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். “பாப்பா வர்ல?”

“காய்ச்சல்” என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொன்றாக மாட்டினார். பிராசஸரை வைத்து, மேலே பட்டாணி அளவுக்குப் பசை தடவி, விசிறியை அழுத்தி முடுக்கினார். ராம் ‘டக்’கென்று உட்கார்ந்தது. பட்டனைத் தட்டினார். விசிறி சுற்றியது, திரை வெளிச்சமானது. கேமராவை மானிட்டரின் தலையில் உட்கார வைத்தார். விண்டோஸ் ஏற ஏற, பாப்பாவுக்கு மாத்திரை கொடுத்தீர்களா, கஷாயம் வைத்தீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்.

“பாப்பா பேரு சொல்லுங்க சார். பேரு போட்டாத்தான் உள்ள வுடும்.”

திரையில் ஒரு காலிக் கட்டம். அதில் ஒரு கோடு மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது. அவள் என்ன படிக்கிறாள், எது பிடிக்கும், எது பிடிக்காது எல்லாம் எனக்குத் தெரியும். பேர் வைக்கவில்லை. இத்தனை நாளில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. வாய்க்கு வந்த ஏதோ ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம், உலகத்தில் பேருக்கா பஞ்சம். ஆனால் அவளுக்கு ஏதோ ஒரு பேரை வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

“பொண்ணு இல்ல பாய்” என்றேன். “கல்யாணமே ஆகலை. எனக்குத்தான். ஏரியில பறவை வீடியோ எடுப்பேன், அதை வெட்டிப் பார்க்கணும்.”

பாய் கீபோர்டிலிருந்து கையை எடுக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

“அப்போ உங்க பேரு இன்னா சார்?”

அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் பேசியும் அவர் என் பேரைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொன்னேன். என் பேரே என் காதுக்கு யாரோ ஒருத்தர் பேராகக் கேட்டது. மண்டியில் நான் கணக்கு சார். பேர் சொல்லிக் கூப்பிட அம்மாதான் இருந்தாள்.

பாய் என் பேரை அடித்து முடித்தார். “வீடியோன்னா இந்தக் கேமரா உங்களுக்கு எதுக்கு சார்? எட்துடறேன். கொஞ்சம் சேத்துக் குடுங்க, இன்னொரு ராம் போட்டுடலாம், வெட்றதுக்கு ஈஸியா இருக்கும்” என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்கு எது உபயோகமோ அதைத்தான் சொன்னார். ஒயரைச் சுருட்டி, கேமராவை அதன் சின்ன டப்பாவில் வைத்து மூடினார். நான் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். வேண்டாம், அது இருக்கட்டும் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

பாயே பஸ் நிலையம் வரை வந்து கேபினெட்டை என் காலடியில் வைத்துவிட்டுப் போனார். மானிட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலம் ஏறும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. பெட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

“இன்னா நைனா, யாருனா தவறிட்டாங்களா?”

“ஆமாம்மா.”

“யாரு?”

“பொண்ணு” என்றேன்.

அந்த அம்மா கூடையைக் கீழே இறக்கிவிட்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார்.