நாலு சவரனும் ஒரு செல் நம்பரும்

நெசவாளர்கள் வாழும் சேவூரில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது அப்போது என் பிழைப்பு. யார் என்ன வேலை செய்கிறார்கள், என்ன சொத்து இருக்கிறது, விலைவாசி எப்படி நெருக்குகிறது என்று ஒரு பொருளாதார ஆய்வுக்காக டேப்லெட்டில் பதிவு செய்ய வேண்டும். தங்கம் என்ற பேச்சை எடுத்தாலே பாதிப் பேருக்கு முகம் சுண்டிவிடும். அதனால் கணவர் தறியில் நெய்துகொண்டிருக்கும்போது மனைவியிடம் கேட்பேன். அந்தச் சத்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவதே சரியாகக் கேட்காது.

அன்று அந்த அம்மா ராட்டையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார்.

"நாலு சவரன் இருக்குது மேடம். எங்கம்மா வூட்ல வச்சிருக்கேன். பெரிய பொண்ணு நர்சிங் சேரணும். இவருக்குத் தெரிஞ்சா வித்து பவர்லூம் வாங்கிடுவாரு."

சொல்லி வாய் மூடவில்லை, தறி நின்றது. இழை அறுந்திருந்தது.

"இன்னா, விக்கிறது வாங்குறதுன்னு பேசிகினு இருக்கீங்க?" என்றார் கணவர், அறுந்த நுனியைத் தேடியபடி.

"அடுத்த வருஷம் விலைவாசி ஏறுமான்னு கேட்டேங்க." நல்லவேளை, அப்படியும் ஒரு கேள்வி இருந்தது.

"ஏறாம? தங்கம் விக்கிற விலைக்கு, கையில ரெண்டு பவுனு இருந்தா இந்நேரம் பவர்லூம் போட்டிருப்பேன்."

கடைசிக் கேள்வி செல் நம்பர். வீட்டில் இருந்தது ஒரே போன், கணவருடையது. அவர் சொல்லச் சொல்லத் தட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் அலுவலகத்திலிருந்து அதே நம்பருக்குக் கூப்பிட்டு, நான் பதிந்த பதில்களில் சிலவற்றை வாசித்துச் சரிபார்ப்பார்கள். எதை வாசிப்பார்கள் என்பது என் கையில் இல்லை.

"நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணி, இங்க சொன்னதைப் படிச்சுக் காட்டுவாங்க" என்றேன், பொதுவாகச் சொல்வதுபோல.

ராட்டை நின்றது. அந்த அம்மா என்னையே பார்த்தார்.

பதிலைத் திருத்தவே கூடாது என்று பயிற்சியில் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்கள். அடித்துக்கொண்டவர்கள் யாரும் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. நாலை அழித்துப் பூஜ்யம் போட்டு, டேப்லெட்டை அந்த அம்மா பக்கம் திருப்பினேன். ராட்டை மறுபடி சுற்றத் தொடங்கியது.

மறுநாள் சாயங்காலம் மேற்பார்வையாளர் போனில் கூப்பிட்டார்.

"அந்தத் தறிக்காரர்கிட்ட தங்கத்தைப் பத்திக் கேட்டோங்க. ஒரு பொட்டு கூட இல்லைன்னு அடிச்சு சொல்றாரு. உங்க பதிவு ரொம்ப கரெக்டா இருக்கு."

அந்த வேலையில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.